மழை லீவுலயும் நிக்காத பாடம்: சின்ன ஆன்லைன் கோர்ஸுக்கு அக்கா சொல்ற டிப்ஸ்

தங்கச்சி, உன் காலேஜ் கிளாஸுக்குன்னு நீயே ஒரு சின்ன ஆன்லைன் கோர்ஸ் நடத்தப் போறேன்னு சொன்னதும் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ஆனா கேமரா, ஸ்டாண்டு, லைட்டுன்னு கடைக்கு ஓடாதே. முதல்ல ஒரு நோட்டை எடு. பிள்ளைங்க பேரை வரிசையா எழுது. ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் நாலு விஷயம் வேணும்: வீடு எந்த ஊர்ல, அங்க எந்த சிம்முக்கு டவர் எடுக்குது, போன் யாரோடது, அந்தப் போன் வீட்டுல இருக்கற நேரம் எது.

நாலாவதுதான் உயிர். கொரோனா சமயத்துல நம்ம மலையில நிறைய வீட்டுல ஒரே ஒரு ஸ்மார்ட் போன்தான் இருந்துச்சு. அது காலையில அப்பாவோடயோ அண்ணனோடயோ வேலைக்குப் போயிடும், பொழுது சாஞ்சுதான் திரும்பும். அந்த வீட்டுப் பொண்ணுக்குக் காலை 9 மணி லைவ் கிளாஸால என்ன பிரயோஜனம்? ஊட்டி சேரிங் கிராஸ்ல நின்னா எந்த சிம்மும் எடுக்கும். மஞ்சூர் தாண்டி கிண்ணக்கொரைக்குப் போனாலோ, சேரம்பாடி பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லைன் வீடுகளுக்குப் போனாலோ அப்படிக் கிடையாது. ஒரே கிளாஸ்ல இந்த ரெண்டு வகைப் பிள்ளைங்களும் உக்காந்திருக்காங்க. கோர்ஸை அந்தக் கடைசி வீட்டுப் போனை மனசுல வெச்சுத் தயார் பண்ணு. ஊட்டி டவுன் பிள்ளைக்கு அது தானா பொருந்திடும்.

நீ அப்போ ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தே, அதனால சுருக்கமா சொல்றேன். 2020 மார்ச் நடுவுல காலேஜ் மூடினாங்க. கடைசி வருஷப் பிள்ளைங்க டிசம்பர்லதான் திரும்பி வந்தாங்க, மத்தவங்க 2021 பிப்ரவரி 8-ல. ரெண்டாவது அலையில மறுபடி மூடி, செப்டம்பர் 1-லதான் திறந்தது. நடுவுல 2021 ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் தினம் 2 ஜிபி இலவச டேட்டான்னு 9 லட்சத்து 69 ஆயிரம் காலேஜ் பிள்ளைங்களுக்குத் தமிழ்நாடு அரசு அறிவிச்சது. நல்ல காரியம், கீழ் நாட்டுல நிறைய பேருக்கு உதவியிருக்கும். ஆனா இங்க பல ஊர்ல டேட்டாவைவிட டவர்தான் பிரச்சினை. சிம்முல 2 ஜிபி இருக்கு, கையில ஒரு புள்ளி சிக்னல் இல்லைன்னா அந்தப் பிள்ளை என்ன செய்யும்? டைம்டேபிளை அப்படியே கூகுள் மீட்டுக்கு மாத்தி காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் லைவ் நடத்தினது இந்த மலைக்கு ஒத்துவரவே இல்லை. சின்னக் கோர்ஸ் ஒத்துவந்துச்சு.

பெரிய கோர்ஸும் நம்ம கோர்ஸும்

2012-ல கோர்செரா, எட்எக்ஸ், யுடாசிட்டின்னு லட்சம் பேர் ஒரே வகுப்புல படிக்கற கோர்ஸுங்க வந்தப்போ, இனிமே காலேஜே வேண்டாம்னுகூடப் பேசினாங்க. நடந்தது வேற. எட்எக்ஸ்ல எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்தின கோர்ஸுங்களோட கணக்கை வெச்சு 2019-ல 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. 2017-18-ல சேர்ந்தவங்கள்ல முடிச்சவங்க நூத்துக்கு 3 பேர் சொச்சம்தான்.

பெர்க்லியில பேராசிரியரா இருக்கற அர்மாண்டோ ஃபாக்ஸ் 2013-லயே வேற ஒரு வழியைப் பத்தி எழுதினார். அதே வீடியோ, அதே கேள்விங்க, ஆனா ஒரே ஒரு காலேஜோட ஒரே ஒரு கிளாஸுக்கு மட்டும், அந்த கிளாஸ் டீச்சரோட பொறுப்புல. இதைத்தான் 'ஸ்பாக்'னு சொல்றாங்க. கலிஃபோர்னியாவுல சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்துல எம்.ஐ.டி.யோட மின்சுற்றுப் பாடத்தை இந்த மாதிரிதான் எடுத்தாங்க. வீடியோவை வீட்டுல பார்த்துட்டு வந்து, வகுப்பு நேரத்துல டீச்சர் பக்கத்துல உக்காந்து கணக்குப் போட்டாங்க. பாஸ் ஆனவங்க எண்ணிக்கை நல்லா கூடுச்சு.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது ஒண்ணுதான். பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு "ரெண்டாவது வாரம் ஏன் அனுப்பலை?"ன்னு கேக்க ஒரு ஆள் இருந்தா அது கோர்ஸ். அந்த ஆள் இல்லைன்னா வெறும் வீடியோ. அந்த ஆள் நீதான்.

நம்ம நாட்டுச் சரக்கே நிறைய இருக்கு. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தற என்.பி.டெல் 2003-ல இருந்து இருக்கு. ஸ்வயம்ங்கற அரசு ஆன்லைன் கோர்ஸ் தளத்தை 2017 ஜூலை 9-ல தொடங்கி வெச்சாங்க. சேர்றதுக்குக் காசு கிடையாது. சர்டிஃபிகேட் வேணும்னாதான் பரீட்சைக் கட்டணம், கொரோனா காலத்துல என்.பி.டெல்ல அது 1000 ரூபாய். 4 வாரக் கோர்ஸுக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3. வாராவாரம் அனுப்பற அசைன்மென்டுக்கு 25, நேர்ல போய் எழுதற பரீட்சைக்கு 75. ஸ்வயம் வழியா எடுக்கற கிரெடிட் மொத்தத்துல 20 சதவீதம் வரைக்கும்னு 2016-ல சொன்ன யு.ஜி.சி., 2021-ல அதை 40 சதவீதமா உயர்த்துச்சு.

ஆனா உன் காலேஜ் அந்தக் கோர்ஸை ஏத்துக்குதான்னு பிள்ளைங்க சேர்றதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடு. படிச்சு முடிச்ச பிறகு "இது லிஸ்ட்ல இல்லையே"ன்னு ஆபீஸ்ல சொன்னா பிள்ளைங்க உடைஞ்சு போயிடுவாங்க. பரீட்சை மையம் எந்த ஊர்னும் முதல்லயே பார். கோயம்புத்தூர்னா, பந்தலூர்ல இருந்து வர்ற பிள்ளை முதல் நாளே கிளம்பி யார் வீட்டுலயாவது தங்கணும். பெண் பிள்ளைன்னா வீட்டுல ஆயிரம் கேள்வி வரும். பரீட்சைக் கட்டணமும் பஸ் காசும் சேர்ந்தா கொழுந்து பறிக்கற அம்மாவுக்கு எத்தனை நாள் கூலின்னு யோசிச்சுப் பார். எல்லாரும் சர்டிஃபிகேட் வாங்கணும்னு கட்டாயப்படுத்தாதே. முழுக் கோர்ஸ்ல இருந்து உனக்கு வேண்டிய 3, 4 வீடியோவை மட்டும் எடுத்து உன் கோர்ஸுக்குள்ள வை. என்.பி.டெல்ல வீடியோவை டவுன்லோட் பண்ணலாம், பேசினதை எழுத்தாவும் தர்றாங்க. அந்த எழுத்துப் பிரதியை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தா நெட்டே வேண்டாம்.

ஒரு வாரப் பாடம் எப்படி இருக்கணும்

நம்ம தாவரவியல்ல இருந்தே ஒரு வாரத்தைச் சொல்றேன். தேயிலைக் கொப்புள நோய். எக்ஸோபசிடியம் வெக்சன்ஸ்ங்கற பூஞ்சை. தென்னிந்தியாவுக்கு 1946-ல வந்தது, இன்னைக்கும் மழைக்காலம் ஆரம்பிச்சா சின்ன விவசாயிங்க தூக்கத்தைக் கெடுக்கறது. இந்தப் பாடத்தை லைவ்ல ஒரு மணி நேரம் பேசி முடிச்சிடலாம். பிள்ளைங்க எழுதிக்குவாங்க, மறந்துடுவாங்க.

அதை இப்படிப் பிரிச்சுக்கோ. முதல் துண்டு, 6 நிமிஷம்: நோய் எப்படித் தெரியும். ரெண்டாவது துண்டு: பூஞ்சையோட வாழ்க்கைச் சுழற்சி, ஈரமும் மூட்டமும் ஏன் அதுக்கு வேணும். மூணாவது: தாமிரப் பூஞ்சைக்கொல்லி எப்படி வேலை செய்யுது, எப்போ அடிக்கணும். இதோட ஒரு பக்கம் நோட்ஸ், அஞ்சு கேள்வி, கையால செய்யற ஒரு வேலை.

அந்தக் கை வேலைதான் இந்த வாரத்தோட அழகே. "உங்க வீட்டுப் பக்கத்துத் தோட்டத்துல இளங்கொழுந்தைப் பாருங்க. வெளிச்சத்துக்கு நேரா இலையைப் பிடிச்சா கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியற சின்னப் புள்ளி இருக்கா? மேல் பக்கம் குழிஞ்சு, அடிப்பக்கம் வெள்ளை வெல்வெட் மாதிரி உப்பியிருக்கா? ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, எத்தனையாவது இலைன்னு எழுதுங்க." ஊரடங்குல ஒரு பொண்ணு தினமும் அம்மாவோட கொழுந்து பறிக்கப் போயிட்டிருந்தா. லைவ் கிளாஸ்ல அவ வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. அவ அனுப்பின போட்டோவுல ஒரே செடியில நோயோட மூணு கட்டமும் இருந்துச்சு. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: நிழல் மரத்தடியில, பனி காயாத வரிசையிலதான் நிறைய இருக்கு மேடம்னு. எந்தப் புத்தகத்தையும் பார்க்காமலே அவ சரியான காரணத்தைத் தொட்டுட்டா. அடுத்த வாரத் தொகுப்புல அந்த போட்டோவைத்தான் பாடமா வெச்சேன். அதுக்கப்புறம் அவ கேக்காத கேள்வி கிடையாது.

வணிகவியல் டீச்சர்னா கொழுந்து விலைச் சீட்டை எடுத்துக்கலாம், வரலாறுன்னா ஊர்ப் பெரியவர் ஒருத்தரைப் பேச வைக்கலாம். பிள்ளை இருக்கற இடமே ஆய்வுக்கூடமா ஆகற மாதிரி வாரத்துக்கு ஒண்ணு கட்டாயம் வை.

6 நிமிஷம்னு நான் சும்மா சொல்லலை. எட்எக்ஸ்ல 69 லட்சம் தடவை வீடியோ பார்த்ததோட பதிவை வெச்சு பிலிப் குவோ குழு 2014-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வீடியோ எவ்வளவு நீளமா இருந்தாலும், பார்த்த தடவைகள்ல பாதியாவது 6 நிமிஷத்தைத் தாண்டலை. நமக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. அப்போ வாட்ஸ்அப்ல வீடியோ 16 எம்பிக்கு மேல போகாது. 6 நிமிஷ வீடியோவைச் சுருக்கினா அதுக்குள்ள அடங்கிடும், எழுத்தும் தெளிவாத் தெரியும். படமே வேண்டாத பாடமா, வெறும் ஆடியோ அனுப்பு. பேச்சுக்கு ஏத்த மாதிரி சுருக்கினா 10 நிமிஷம் 2.5 எம்பிக்குள்ள வந்துடும். ஒரு புள்ளி சிக்னல்லயும் இறங்கிடும், வேலை செஞ்சுக்கிட்டே காதுல கேக்கலாம்.

பதிவு பண்றப்போ முகத்தைக் காட்டணும்னு கவலைப்படாதே. ரெண்டு புத்தக அடுக்குக்கு நடுவுல ஸ்கேல் ஒண்ணைக் குறுக்கே வெச்சு அது மேல கேமரா கீழே பார்க்கற மாதிரி போனை வை. கீழே வெள்ளைத் தாள், ஸ்கெட்ச் பேனா. உன் கை வரையறதைப் பார்த்துக்கிட்டே கேக்கறதுதான் பிள்ளைங்களுக்கு நல்லாப் புரியுது. தகரக் கூரை வீடுன்னா மழை விடற நேரம் பார்த்துப் பேசு. ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்க விட்டா எதிரொலி அடங்கும். "இன்னைக்குத் திங்கக்கிழமை", "போன வாரம் சொன்னேன்ல" இதெல்லாம் பேச்சுல வரவே கூடாது. அடுத்த வருஷமும் அதே பதிவைப் போடணும். ஃபைலுக்கு 'வாரம்2 துண்டு1'னு பேர் வை. ஒரு பிரதி உன் சொந்தப் பென் டிரைவ்ல இருக்கட்டும். கௌரவ விரிவுரையாளர் வேலை எப்போ எந்தக் காலேஜுக்கு மாறும்னு தெரியாது, உன் உழைப்பு உன்கூட வரணும்.

எங்கே போடறது? கூகுள் கிளாஸ்ரூம் போதும். காலேஜ்ல மூடுல் இருந்தா இன்னும் நல்லது, அதோட ஆப்புல பாடத்தை இறக்கி வெச்சுக்கிட்டு நெட் இல்லாமலே படிக்கலாம்.

கேள்வி கேக்கறதுல கஞ்சத்தனம் வேண்டாம்

திரும்பத் திரும்பப் படிக்கறதைவிட, புத்தகத்தை மூடிட்டு நினைவுபடுத்திப் பார்க்கறதுதான் ஒரு வாரம் கழிச்சும் மனசுல நிக்குதுன்னு ரோடிகர், கார்பிக் ரெண்டு பேரும் 2006-ல சோதனை பண்ணிக் காட்டினாங்க. அதனால ஒவ்வொரு துண்டு முடிஞ்சதும் ஒண்ணு, ரெண்டு கேள்வி. தப்பாப் போட்டா மறுபடி போடலாம், மார்க் குறையாது. கூகுள் ஃபாரம் திறக்கலைன்னா "1அ 2இ 3ஆ"ன்னு சாதா எஸ்.எம்.எஸ். அனுப்பினா போதும். எல்லாரும் ஒரே கேள்வியில சறுக்கினா தப்பு உன் விளக்கத்துலன்னு எடுத்துக்கிட்டு, அதுக்கு மட்டும் 2 நிமிஷ ஆடியோ புதுசாப் போடு.

கெடு எப்பவும் 7 நாள். 24 மணி நேரக் கெடுவை இந்த ஊர்ல வைக்கவே வைக்காதே. 2020 ஆகஸ்ட் முதல் வாரம் அடிச்ச மழையில மரம் விழுந்து, கரண்ட் போய், டவரும் செத்துப் போன ஊருங்க எத்தனையோ. அந்தப் பிள்ளைங்க சோம்பேறிங்க இல்லை.

விடைத்தாளைப் போட்டோ எடுத்து ஒரே பி.டி.எஃப்.பாக்கி அனுப்பறதைப் பாடம் தொடங்கறதுக்கு முந்தின வாரமே சொல்லிக் கொடுத்துடு. கேம்ஸ்கேனர் ஆப்பைப் பழகி வெச்சிருந்த பிள்ளைங்க 2020 ஜூன் 29-ல அது தடையானதும் தவிச்சுப் போனாங்க, பரீட்சை நேரத்துல போன் பண்ணி அழுதவங்க உண்டு. கூகுள் டிரைவ்லயே ஸ்கேன் வசதி இருக்கு. ஒருத்தர் கத்துக்கிட்டு இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுக்கற மாதிரி ஜோடி போட்டு விடு.

வாரம் ஒரு தடவை பேச்சு

லைவ் வேண்டவே வேண்டாம்னு சொல்லலை. வாரத்துக்கு ஒண்ணு, 40 நிமிஷம், 8 இல்ல 10 பேர் கொண்ட குழுவா வை. அந்த நேரத்துல பாடம் எடுக்காதே. அனுப்பின வேலையைப் பத்தி, சந்தேகத்தைப் பத்தி மட்டும் பேசு. மீட் வராத பிள்ளைக்குச் சாதா போன்ல கான்ஃபரன்ஸ் போடு, குரல் போனா போதும்.

நேரத்தை வைக்கறப்போ காட்டை நினைச்சுக்கோ. இது விளையாட்டில்லை. சிக்னலுக்காகப் பிள்ளைங்க மேட்டுக்கும் தோட்டத்து உச்சிக்கும் ஏறிடுவாங்க. சாயங்காலம் 6 மணிக்கு மேல தேயிலைத் தோட்டத்துல காட்டெருமை நிக்கும், கரடி வரும், கூடலூர் பக்கம் யானை நடமாட்டம். நீ வெச்ச 6.30 மணி கிளாஸுக்காக ஒரு பிள்ளை இருட்டுல நின்னுச்சுன்னா அந்தப் பொறுப்பு உன்னோடது. போன் சாயங்காலம்தான் வீட்டுக்கு வரும்னா, ஞாயிற்றுக்கிழமை பகல்ல அந்தக் குழுவுக்குத் தனியா வெச்சுக்கோ.

கேமராவை ஆன் பண்ணச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே. லைன் வீட்டுல ஒரே அறையில சமையல், படுக்கை, தாத்தா, பாட்டி எல்லாரும் இருப்பாங்க. அந்தப் பொண்ணுக்குக் கூச்சம் இருக்கும், அந்தக் கூச்சத்துக்கு நாம மரியாதை கொடுக்கணும். வாட்ஸ்அப் குரூப்ல பெண் பிள்ளைங்க நம்பர் எல்லார் கண்ணுலயும் படும். அதை முழுசா தடுக்க முடியாட்டியும், அட்மின் மட்டும் மெசேஜ் போடற மாதிரி செட்டிங்கை மாத்து. சந்தேகம் கேக்க உன் நம்பருக்குத் தனியா வரட்டும். வேண்டாத மெசேஜ் யாருக்காவது வந்தா முதல்ல உன்கிட்ட சொல்லணும்னு ஆரம்பத்துலயே சொல்லி வை.

வருகைப் பதிவை எத்தனை நிமிஷம் ஆன்லைன்ல இருந்தாங்கன்னு பார்த்துப் போடாதே. அனுப்பின வேலையைப் பார்த்துப் போடு. ரெண்டு வாரம் ஒண்ணுமே வரலைன்னா குரூப்ல பேர் போட்டுத் திட்டாம வீட்டுக்குப் போன் பண்ணு. பெரும்பாலும் போன் உடைஞ்சிருக்கும், இல்லைன்னா பிள்ளை வேலைக்குப் போயிருக்கும். ஊரடங்குல படிப்பை விட்டுட்டுத் திருப்பூருக்கோ கல்யாணத்துக்கோ போக இருந்த பிள்ளைங்கள்ல சிலரைத் திருப்பிக் கொண்டு வந்தது இந்த மாதிரி போன்தான். வீடியோ எல்லாத்தையும்விட இதுக்கு நேரம் ஒதுக்குன்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

நெட்டே இல்லாத வீட்டுக்கு

டிஷ் இருக்கற வீடுன்னா ஸ்வயம் பிரபா இருக்கு. 32 சேனலோட தொடங்கினது, டி.டி. ஃப்ரீ டிஷ்ல இலவசமா வரும். தினமும் புது நிகழ்ச்சி 4 மணி நேரம், அதையே ஒரு நாளைக்குப் பலமுறை மறுபடி போடறாங்க. காலையில கொழுந்துக்குப் போற பிள்ளை ராத்திரி பார்த்துக்கலாம். அட்டவணையை நீ பார்த்து, எந்தச் சேனல், எத்தனை மணின்னு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடு.

டிஷ்ஷும் இல்லையா? மெமரி கார்டு. ஒரு மாசப் பாடத்தை மொத்தமா ஏத்தி, ஊர்ல ஒரு பிள்ளைகிட்ட கொடுத்தா மத்தவங்க போனுக்கு நெட் இல்லாமலே மாத்திக்குவாங்க. பஸ் ஓடாத நாள்ல காய்கறி வண்டிக்காரங்க கையில நோட்ஸ் கட்டு கொடுத்து விட்டிருக்கோம், பத்திரமா போய்ச் சேர்ந்துச்சு.

இப்போ கொரோனா போயிடுச்சே, இதெல்லாம் எதுக்குன்னு உன் காலேஜ்ல சிலர் கேப்பாங்க. ஜூன்ல இருந்து நீயே பார்ப்பே. ஒரு நாள் குந்தாவுக்கும் ஊட்டிக்கும் மழை லீவு, இன்னொரு நாள் கூடலூருக்கும் பந்தலூருக்கும். ஆறு தாலுகாவுல எங்கேயாவது ரோட்டுல மண் சரிஞ்சிருக்கும். காலேஜ் நடந்தாலும் பாதிப் பிள்ளைங்க வர முடியாது. கையில இந்தத் தொகுப்பு இருந்தா வராத பிள்ளைக்குப் பாடம் விட்டுப் போகாது. வர்ற பிள்ளைங்களோட வகுப்பு நேரத்துல மைக்ராஸ்கோப்புல ஸ்லைடு பார்க்கலாம், நேத்து கேட்ட ஆடியோவைப் பத்தி வாக்குவாதம் பண்ணலாம்.

முழு செமஸ்டருக்கும் இப்பவே தயார் பண்ணணும்னு உக்காராதே, மூணாவது வாரத்துலயே அலுத்துடும். ஒரே ஒரு யூனிட், 4 வாரம். அதுல முதல் ரெண்டு வாரத்தை மட்டும் மே மாசத்துக்குள்ள பதிவு பண்ணு. எடுத்ததும் எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு, இங்க கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல நின்னு என் பழைய போன்ல இறக்கிப் பார்த்துட்டு, எங்க சத்தம் கேக்கலை, எந்தத் துண்டு நீளம்னு சொல்றேன்.